பட்டறை முத்திரை இல்லாத ஒட்டு

வழக்கமாக நம் மலரில் கோவில் விழா, பயணம், பழைய நினைவு என்று எழுதிக்கொண்டிருந்தவன், இந்த முறை கணிப்பொறி விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். அறுபத்தேழு வயதில் இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கலாம். பொறுமையுடன் கடைசி வரை படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜாதவ்பூர் 8பி பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடையில் எங்கள் வீடு. நான், மனைவி, மகன், மருமகள், பதினோராம் வகுப்புப் படிக்கும் பேரன் என்று ஐந்து பேர். சென்ற பூஜை விடுமுறையில், வெளிநாட்டிலிருந்து வந்த பேரனின் மாமா அவனுக்கு ஒரு பரிசு கொண்டுவந்தார். ஸ்டீம் டெக் என்பது அதன் பெயர். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரி கடைசியில் விற்கத் தொடங்கிய கைக் கருவி. ஏழு அங்குலத் திரை, இரு பக்கமும் பொத்தான்கள், 669 கிராம் எடை. எங்கள் வீட்டு மசாலா டப்பாவை விடக் கொஞ்சம் நீளம்.

சப்தமி அன்று ஊரே பந்தல் பார்க்கப் போயிருந்த நேரத்தில் எங்கள் வீட்டில் மட்டும் இடி இடித்தது. பேரனின் நண்பன் ஒரு பென் டிரைவில் விண்டோஸ் விளையாட்டு ஒன்றைக் கொடுத்திருக்கிறான். "பேட்ச் பண்ணது, காசு கட்ட வேண்டாம், அப்படியே ஓடும்" என்று சொல்லிக் கொடுத்ததாம். அதைக் கருவியில் ஏற்றப் பேரன் முயன்றுகொண்டிருந்தபோது என் மகன் பார்த்துவிட்டான். "திருட்டுச் சரக்கை வீட்டுக்குள்ள கொண்டு வர்றியா?" என்று கத்தி, கருவியைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். இரண்டு நாள் அப்பனும் பிள்ளையும் பேசவில்லை.

மகன் செய்தது சரிதானே என்று கேட்பீர்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த அலமாரிப் பூட்டின் சத்தம் என்னை இருபத்தாறு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

1999-ல் நாங்கள் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் இருந்தோம். திருச்சியில் மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து, 1980-ல் கரக்பூர் பட்டறையில் சேர்ந்து, வேகன் பழுதுபார்க்கும் பிரிவில் காலம் தள்ளியவன் நான். பிராவிடண்ட் ஃபண்டில் கடன் வாங்கி மகனுக்கு ஒரு கணிப்பொறி வாங்கிக் கொடுத்தேன். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. கல்கத்தாவில் ஏதோ ஒரு கடையில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு சிடி வாங்கி, அதிலிருந்த விளையாட்டுகளை ஏற்றியிருக்கிறான். ஏப்ரல் 26, திங்கட்கிழமை. காலையில் பொத்தானை அழுத்தினால் திரை இருட்டு.

அன்று அப்படி இருண்டது எங்கள் வீட்டுப் பெட்டி மட்டுமல்ல. சி.ஐ.எச். என்ற வைரஸ், செர்னோபில் வைரஸ் என்று பத்திரிகைகள் எழுதியது, அந்தத் தேதியில் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. நிரல் கோப்புகளுக்குள் ஒட்டிக்கொண்டு பரவும். விழித்த நாளில் வன்தட்டின் ஆரம்பப் பகுதியை அழிக்கும். சில கணிப்பொறிகளில் உள்ளே இருக்கும் பயாஸ் சில்லையே கெடுத்துவிடும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. திருட்டு சிடிகள் அது பரவிய முக்கியமான வழிகளில் ஒன்று.

நான் என்ன செய்தேன்? மகனை அறைந்தேன். பெட்டியைச் சரிசெய்த பிறகும் ஒரு வருஷம் அதைத் துணி போட்டு மூடி வைத்தேன். அந்தச் சிடியில் என்ன இருந்தது, அதை எப்படி ஏற்றினாய், ஏன் கெட்டது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டறையில் ஒரு வேகனின் அச்சு உடைந்தால், உடைந்த துண்டை மேஜைமேல் வைத்துக்கொண்டு எப்படி உடைந்தது என்று நாள் கணக்கில் ஆராய்ச்சி செய்பவன் நான். வீட்டில் அதே புத்தி வேலை செய்யவில்லை. அதற்குப் பிறகு என் மகன் எந்த இயந்திரத்தையும் என் எதிரில் திறந்ததில்லை. அவன் இன்று மென்பொருள் வேலையில் நன்றாகத்தான் இருக்கிறான். ஆனால் அவன் வேலையைப் பற்றி நாங்கள் இருவரும் உட்கார்ந்து பேசியது மிகக் குறைவு. அது என் நஷ்டம்.

ஆகவே நவமி அன்று காலை, காபி டம்ளரோடு பேரன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அது என்ன ஆட்டம்டா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன்.

விளையாட்டின் பெயர் டார்க் சோல்ஸ். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் செய்தது. விண்டோஸுக்கு 2012-ல் வந்தது. புதுப்பித்த பதிப்பு 2018-ல் வந்தபோது பழையதை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய பதிப்பையே பார்க்க வேண்டும் என்று இவனுக்கு ஆசை. கடையில் கிடைக்காததால் பென் டிரைவ் என்று ஆகியிருக்கிறது. கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் மகன் தலையைத் தூக்கினான். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அது என் அக்கவுண்ட்லேயே இருக்கு. 2013-ல காசு கொடுத்து வாங்கினேன்" என்றான். விற்பனையை நிறுத்தினாலும், முன்பே வாங்கியவர்களின் கணக்கில் அது அப்படியே இருக்குமாம். அப்பன் வாங்கி வைத்த சொத்து வீட்டிலேயே இருக்க, பிள்ளை வெளியே திருட்டுச் சரக்குக்கு அலைந்திருக்கிறான். ஒருவர் விளையாடியது இன்னொருவருக்குத் தெரியாது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

அலமாரி திறந்தது. அன்று மாலை வரை மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில். நான் கற்றுக்கொண்டதை, என்னைப் போன்ற பழைய ஆட்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன்.

இந்தக் கருவியில் விண்டோஸ் கிடையாது. லினக்ஸ் என்ற இயக்க முறைமைதான் ஓடுகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற ஃபின்லாந்து மாணவர் 1991-ல் தொடங்கி, உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்தது. அப்படியானால் விண்டோஸுக்காக எழுதிய விளையாட்டு இதில் எப்படி ஓடும்? என் சிறுவயதுத் திருச்சியை நினைத்துக்கொண்டேன். ஈரோட்டுப் பக்கம் 1676 மில்லிமீட்டர் அகலப் பாதை, சென்னைப் பக்கம் 1000 மில்லிமீட்டர் மீட்டர் பாதை. ஒரு பாதை வேகன் மறு பாதையில் ஓடாது. மூட்டை மூட்டையாக இறக்கி ஏற்றுவார்கள்.

இங்கே இறக்கி ஏற்றுவது இல்லை. வைன் என்று ஒரு மென்பொருள், 1993-ல் தொடங்கிய முயற்சி. அதன்மேல் கட்டிய புரோட்டான் என்ற அமைப்பை வால்வ் 2018 ஆகஸ்டில் வெளியிட்டது. ரயில்வேக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும் உதாரணம் சொல்கிறேன். ஒரு டிரைவருக்குப் பழக்கமில்லாத பாதையில் வண்டி போக வேண்டுமானால், அந்தப் பாதை தெரிந்த ஒருவரை எஞ்சினில் உடன் ஏற்றி அனுப்புவோம். வண்டியும் மாறாது, தண்டவாளமும் மாறாது. இவர் கேட்பதை அவர் பாஷையில் சொல்லி நடத்திக்கொண்டு போவார் கூட வந்தவர். விளையாட்டு விண்டோஸிடம் கேட்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்கிறது. வைன் அதை லினக்ஸிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கிறது. யோசித்துப் பார்த்தால், வங்காளத்தில் நாற்பது ஐம்பது வருஷம் குடித்தனம் செய்யும் நாமும் மீன் சந்தைப் பக்கத்தில் நின்று முருங்கைக்காய் கேட்டு வாங்கும்போது இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இனி பேட்ச் விஷயம். பேட்ச் என்றால் ஒட்டு. கிழிந்த வேட்டிக்குப் போடுவதும் ஒட்டுதான். பூட்டை உடைத்த இடம் தெரியாமல் மூடுவதும் ஒட்டுதான். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்துக்கொண்டதால்தான் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இவ்வளவு குழப்பம்.

இதே டார்க் சோல்ஸ் நல்ல ஒட்டுக்கு உதாரணம். 2012-ல் அது விண்டோஸுக்கு வந்தபோது, எவ்வளவு பெரிய திரை வைத்திருந்தாலும் உள்ளே படத்தை 1024-க்கு 720 புள்ளிகளில்தான் வரைந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு மங்கலான படம். ஆஸ்திரியாவின் பீட்டர் தோமான், டுராண்டே என்ற புனைபெயரில் எழுதுபவர், விளையாட்டு வெளிவந்த கையோடு டி.எஸ்.ஃபிக்ஸ் என்ற ஒட்டை எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதைப் போட்டால் திரைக்கு ஏற்ற அளவில் படம் தெளிவாக வரும். தன் பெயரை வெளிப்படையாகப் போட்டார். எந்த எண்ணை மாற்றினால் என்ன ஆகும் என்று கோப்பிலேயே குறிப்பு எழுதினார். மூல நிரலையும் வெளியிட்டார். பிற்பாடு அவரே நிறுவனம் தொடங்கி, ஜப்பானிய விளையாட்டுகளை விண்டோஸுக்கு முறைப்படி கொண்டுவரும் தொழிலைச் செய்கிறார். இந்த ஒட்டு, விளையாட்டை வாங்கியவனுக்குத்தான் பயன்படும். வாங்காதவனுக்குத் திருடிக் கொடுக்காது.

பென் டிரைவில் வந்தது அந்த ஜாதியே அல்ல. காசு கட்டினாயா என்று சரிபார்க்கும் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மேலே மூடியது. அதன்கூட வேறு என்னென்ன வைத்து மூடினான் என்பது மூடியவனுக்குத்தான் வெளிச்சம். 1999-ல் நான் பட்டது இதைத்தான். தவிர, நம் நாட்டின் 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் சேர்த்த 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துவதைக் குற்றம் என்கிறது. குறைந்தது ஏழு நாள், அதிகபட்சம் மூன்று வருஷம் சிறை, அபராதமும் உண்டு. பிள்ளைகள் யாரும் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

சரி, ஒட்டுப் போட்ட கதைக்கு வருகிறேன். குடும்பப் பகிர்வு வசதியில் அப்பாவின் விளையாட்டு பிள்ளையின் கருவிக்கு வந்தது. பவர் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் ஒரு பட்டியல் வருகிறது. அதில் டெஸ்க்டாப்புக்கு மாறலாம். விளையாட்டுக் கருவி அந்த நிமிஷமே முழுக் கணிப்பொறியாகிவிடுகிறது. விளையாட்டின் கோப்புறையைத் திறந்து, முதல் வேலையாக அதை அப்படியே நகல் எடுத்து வைக்கச் சொன்னேன். பட்டறைப் பழக்கம். பிறகு டி.எஸ்.ஃபிக்ஸ் கோப்புகளை உள்ளே வைத்தான். விளையாட்டை ஓட்டினால் ஒரு மாற்றமும் இல்லை.

பேரன் முகம் சுருங்கிவிட்டது. "ஒட்டு கெட்டுப்போச்சு தாத்தா" என்றான். அப்போது என் மகன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். விஷயம் இதுதான். இந்த ஒட்டு, விண்டோஸில் உள்ள ஒரு டி.எல்.எல். கோப்பின் பெயரிலேயே வருகிறது. விண்டோஸில், விளையாட்டு தன் பக்கத்தில் இருக்கும் கோப்பை முதலில் எடுத்துக்கொள்ளும். ஒட்டு உள்ளே நுழைந்துவிடும். வைனோ, அந்தப் பெயரில் தன்னிடமே ஒன்று இருப்பதால் அதை எடுத்துக்கொள்கிறது. "பக்கத்தில் இருப்பவனை முதலில் கேள், அவன் இல்லாவிட்டால் உன் ஆளைக் கேள்" என்று விளையாட்டின் தொடக்க அமைப்பில் ஒரு வரி எழுத வேண்டும். எழுதினோம். விளையாட்டின் உள்ளே ஓரங்களை மென்மையாக்கும் வசதியையும் அணைக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது, அணைத்தோம். மறுபடி ஓட்டினால் எலும்புக்கூட்டின் விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். "நல்ல நாளும் அதுவுமா இதையா பார்க்கணும்?" என்று என் மனைவி எழுந்து போய்விட்டாள். ஒட்டு சில சமயம் தனி இன்ஸ்டாலராக வந்தால், அதை அந்த விளையாட்டுக்கென்றே வைன் அமைத்திருக்கும் பொய் சி டிரைவுக்குள் ஓட்ட வேண்டும். புரோட்டான்டிரிக்ஸ் என்ற கருவி அதற்கு உதவும் என்பதையும் அன்று கற்றேன்.

அன்று மகன் பேரனுக்குச் சொல்லிக் கொடுத்த தோரணையைப் பார்த்தபோது, இருபத்தாறு வருஷத்துக்கு முன் நான் இப்படி உட்கார்ந்திருக்கலாமே என்று தொண்டை அடைத்தது. அதை மகனிடம் சொல்லவும் சொன்னேன். "விடுங்கப்பா" என்றான். அவ்வளவுதான் எங்கள் குடும்பத்தில் பேச்சு.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டறையிலிருந்து பெரிய பழுது பார்த்து வெளியே போகும் ஒவ்வொரு வேகனின் பக்கவாட்டிலும் பெயிண்டில் எழுதியிருப்பதை நீங்கள் ரயில் நிலையத்தில் பார்த்திருக்கலாம். எந்தப் பட்டறை பழுது பார்த்தது, எந்தத் தேதி, அடுத்து எப்போது வர வேண்டும் என்று இருக்கும். அந்த முத்திரை இல்லாத வேகனை வண்டியில் கோக்க மாட்டோம். ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்று தெரிய வேண்டும் அல்லவா? அதே சட்டத்தைப் பேரனுக்கும் போட்டிருக்கிறேன். எந்த ஒட்டானாலும் நாலு கேள்வி. விளையாட்டை முறையாக வாங்கினோமா? ஒட்டை எழுதியவர் பெயர் தெரியுமா? எதை மாற்றுகிறது என்று எழுதியிருக்கிறாரா? பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா? நாலுக்கும் பதில் இருந்தால் தாராளமாகப் போடு. ஒன்று குறைந்தாலும் வேண்டாம். பென் டிரைவ் நாலு கேள்வியிலும் தோற்றது. அவனே அதை அழித்தான்.

விளையாட்டே வேண்டாம், படிப்பைக் கெடுக்கும் என்று சொல்லும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். நேரக் கட்டுப்பாடு அவசியம். எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் கையிலுள்ள செல்போனில் மணிக்கணக்காக விரலால் தள்ளிக்கொண்டிருப்பதை யாரும் அலமாரியில் பூட்டுவதில்லை. திறந்து பார்க்கக்கூடிய ஒரு கருவியில், ஏன் ஓடவில்லை என்று இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளும் பிள்ளையைத்தான் திட்டுகிறோம். என்னைக் கேட்டால், அந்த இரண்டு மணி நேரத்தில் அவன் கற்றது, என் டிப்ளமாவில் ஒரு மாதம் பட்டறைப் பயிற்சியில் நான் கற்றதற்குச் சமம். பூட்டுவது சுலபம். பக்கத்தில் உட்காருவதுதான் பெரியவர்களின் வேலை.

இன்னும் ஒன்று. ஜப்பானிய மொழியில் மட்டுமே இருந்த பல விளையாட்டுகளுக்கு ஆர்வலர்களே ஆங்கில ஒட்டு எழுதியிருக்கிறார்கள். ஜியோஃப்ரண்ட் என்ற குழு 2020-ல் அப்படி வெளியிட்ட ஒரு மொழிபெயர்ப்பை, 2022-ல் அமெரிக்க வெளியீட்டு நிறுவனமே முறைப்படி எடுத்துக்கொண்டு விற்பனைப் பதிப்பில் சேர்த்தது. நம் மொழிக்கு இப்படி உட்கார்ந்து எழுத எத்தனை பேர் இருக்கிறார்கள்? கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் சமையலறையை வைத்து, டொராண்டோவின் விசாய் கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட வெண்பா என்ற விளையாட்டு, 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை, முதல் படைப்புக்கான பிரிவில் பெற்றது. பேரன் அதைக் காசு கொடுத்து வாங்கி ஓட்டினான். அதில் இட்லி வார்ப்பதைப் பார்க்க என் மனைவி மறுபடி சோபாவுக்கு வந்துவிட்டாள்.

இங்கேதான் எனக்கு உறைத்தது. எங்கள் பேரன் வீட்டில் தமிழ் பேசுவான். வங்காளி எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. ஞாயிறு தோறும் தமிழ் வகுப்புக்குப் போ என்று ஐந்து வருஷம் சொல்லியும் கேட்காதவன், இப்போது ஒரு இலவச விளையாட்டின் மொழிபெயர்ப்புக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறான். சாதாரண எழுத்துக் கோப்புதான்; ஒரு வரியில் ஆங்கிலம், அடுத்த வரி நாம் நிரப்ப வேண்டியது. "தாத்தா, 'கொ' எழுத முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு ஏன் போடறாங்க?" என்று கேட்கிறான். அந்தக் கொம்பையும் காலையும் இடம் மாறாமல் காட்டத் தெரியாத விளையாட்டுகளில் தமிழ் உடைந்துபோகும் என்று அவனேதான் எனக்கு விளக்கினான். இதுவரை தொடங்கு, தொடர், சேமி, வெளியேறு என்று நாலு வார்த்தை முடிந்திருக்கிறது. 'வெளியேறு' என்பதில் இரண்டு தடவை ர, ற தகராறு வந்தது.

நம் சங்கத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைவதைச் செயற்குழுவில் பேசிப் பேசிக் களைத்துவிட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, பிள்ளைகள் தங்கள் கணிப்பொறியோடும் கருவியோடும் வரட்டும். விவரம் தெரிந்த இளைஞர்கள் இரண்டு பேர், எழுத்துப் பிழை திருத்த என்னைப் போன்ற பெரியவர்கள் இரண்டு பேர். ஒரு சிறு விளையாட்டை முழுவதும் தமிழாக்கி முடிப்போம். முடித்ததும் செய்தவர் பெயர், தேதி, என்ன மாற்றினோம் என்பது எல்லாவற்றையும் மறக்காமல் எழுதி வைப்போம். பட்டறை முத்திரை இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது.

முதல் ஞாயிறுக்கு டீயும் சுண்டலும் என் பொறுப்பு. பெயர் கொடுப்பவர்கள் வரும் கூட்டத்தில் என்னிடம் சொல்லலாம். உங்கள் வீட்டு அலமாரியில் ஏதாவது கருவி பூட்டிக் கிடந்தால், அதையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.